திருப்புளி யார் கையில்? – வாசகர் கேள்விகளுக்கு ஒரு பழைய மெக்கானிக்கின் பதில்கள்

போன இதழில், கோயில் கூடத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு மேசைக் கணினியை மாட்டி முடித்தோம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். தீமிதித் திருவிழாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்ததை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. இந்த ஒற்றை வரிக்குக் கடிதங்கள் குவிந்துவிட்டன. ஆகவே இந்த மாதம் முழுக்கக் கணினிதான்.

புதிய வாசகர்களுக்காக: நான் பொறியாளர் இல்லை. மொரீஷியஸ் தீவில், வாக்வாவில் ஒரு பின்னலாடை ஆலையில் 23 வருடம் தையல் எந்திரங்களைப் பழுதுபார்த்தவள். ஆலையை மூடியபின் கணினிப் பழுதுக்கு மாறினேன். ஓவர்லாக் எந்திரத்தின் வயிற்றைத் திறந்து பழகியவளுக்குக் கணினியின் வயிறு பெரிய அதிசயமாகப் படவில்லை.

கேள்வி: கோயில் தமிழ் வகுப்பில் 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் படிக்கிறார்கள். வாசகசாலைக்கு ஒரு சிறிய கணினியை அவர்கள் கையாலேயே செய்விக்க ஆசை. கையில் பணம் குறைவு. புதுப் பாகங்கள் வாங்குவதா, பழைய கணினியைத் தேடுவதா? எனக்கே இதில் ஒன்றும் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?
– ரோஸ் ஹில் ஆசிரியை ஒருவர்

பதில்: கழற்றுவதிலிருந்து தொடங்குங்கள், டீச்சர். முதல் சனிக்கிழமை ஒரு பாகத்தைக்கூட மாட்டக் கூடாது. செத்துப்போன கணினிகள் இரண்டைத் தேடிப் பிடியுங்கள். நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. 2024 ஜனவரி 15ஆம் தேதி பெலால் புயலில் போர்ட் லூயி தெருக்கள் ஆறாக ஓடினவே, அன்று நனைந்து வீணான எந்திரம் ஒன்று என்னிடம் வந்து சேர்ந்தது. இதுவரை மூன்று வகுப்புப் பிள்ளைகள் அதைப் பிரித்து மேய்ந்துவிட்டார்கள். நனைந்த எந்திரத்தை மட்டும் 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று மின்சாரத்தில் செருகாதீர்கள். பவர் சப்ளைப் பெட்டியை முந்தின நாளே நீங்கள் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள். மீதியெல்லாம் பிள்ளைகளின் சொத்து.

ஓர் எந்திரத்துக்கு மூன்று பேருக்கு மேல் வேண்டாம். நான்காவது ஆள் வேடிக்கை பார்ப்பான். ஐந்தாவது ஆள் மூன்றாவது ஆளைக் கிள்ளுவான். ஆறு பேர் கழற்றும்போது மற்ற ஆறு பேர் கழன்று வரும் ஒவ்வொன்றையும் தாளில் வரைந்து, எங்கே இருந்தது என்று எழுதட்டும். அரை மணிக்கொரு தடவை இடம் மாற்றுங்கள். திருகாணிகளுக்கு முட்டை அட்டையைவிட நல்ல பெட்டி இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு குழிக்கு ஒரு வகை. குழிக்கு மேலேயே பென்சிலால் இடத்தைக் குறித்துவிடலாம்.

இன்னொன்று, கத்தோ பிமாவை இடைவேளைக்கு முன்னால் கண்ணில் காட்டாதீர்கள். சூடான மிளகாய் வடையைத் தின்ற விரலோடு ரேம் என்ற நினைவகப் பலகையின் தங்க நிறப் பற்களைத் தொட்டால் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எந்திரம் ஏன் முரண்டு பிடிக்கிறது என்று மாலைவரை தேட வேண்டியதுதான். அப்படித் தொட்டுவிட்டால் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துகளைத் தட்டிவிடுங்கள், போதும்.

இப்போது பணத்துக்கு வருவோம். பழைய கணினி மலிந்து கிடக்கும் காலம் இது. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14உடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்கோ, கணினியின் மூளையான பிராசசர் இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையாவது வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும். அதனால் 2015, 2016 வாக்கில் வாங்கிய, நன்றாக ஓடுகிற எந்திரங்களைக்கூட அலுவலகங்கள் கழித்துக்கட்டுகின்றன. அப்படி ஒன்றை வாங்கி, பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் ஒன்றை மாட்டி, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுவிட்டால், 4 ஜி.பி. ரேமிலேயே வாசகசாலை வேலைகள் நடக்கும். 8 ஜி.பி. இருந்தால் நிம்மதி.

ஒரு சிக்கல் உண்டு. பெரிய நிறுவனங்களின் அலுவலகக் கணினிகளில் பல, தங்கள் அளவுக்குத் தாங்களே தைத்த சட்டை மாதிரி. பவர் சப்ளையின் பிளக், எல்லாப் பாகங்களையும் தாங்கும் மதர்போர்டின் வடிவம், முன்பக்கப் பொத்தானின் கம்பி என்று எதுவும் வெளிப் பாகத்தோடு சேராது. ஆகவே 'மதர்போர்டு இதிலிருந்து, பெட்டி அதிலிருந்து' என்று ஒட்டுப்போட நினைக்காதீர்கள். ஒரே எந்திரத்தைக் கடைசித் திருகாணிவரை பிரித்து, துடைத்து, மறுபடி பூட்டுங்கள். அதுவும் கணினி கூட்டுவதுதான். கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

புதுப் பாகங்கள் வாங்கும் அளவுக்கு நன்கொடை சேர்ந்தால், 'சிறிய கணினி' என்ற சொல்லில் ஏமாந்துவிடாதீர்கள். மினி ஐ.டி.எக்ஸ். என்ற மதர்போர்டு 17 சென்டிமீட்டர் சதுரம். பார்க்கக் கொள்ளை அழகு. அதற்கான பெட்டிக்குள் ஒரு பிள்ளையின் கை நுழைந்தால் இன்னொரு பிள்ளையின் கண் நுழையாது. 24.4 சென்டிமீட்டர் சதுரமுள்ள மைக்ரோ ஏ.டி.எக்ஸ். வாங்குங்கள். மூன்று தலைகள் குனிந்து பார்க்க இடமிருக்கும். விலையும் பெரும்பாலும் குறைவு.

பிராசசரை வைக்கும் கட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரியவர்களின் கை தானாக நீளும் இடம் அதுதான். இன்டெலின் எல்.ஜி.ஏ. 1700 வகையில், பெயர் சொல்வதுபோல, மதர்போர்டின் குழிக்குள் 1700 நுண்ணிய கம்பிகள் நிற்கின்றன. விரல் பட்டால் வளையும். வளைந்தால் போர்டு போச்சு. பிராசசரின் மூலையில் ஒரு சின்ன முக்கோணம் இருக்கும். குழியின் மூலையிலும் இருக்கும். இரண்டையும் ஒரே பக்கம் வைத்து, ஓரங்களைப் பிடித்து, அழுத்தாமல் இறக்கிவிட வேண்டும். பிறகு நெம்புகோலை அழுத்த வேண்டும். அப்போது 'கிறீச்' என்று ஒரு சத்தம் வரும். எத்தனை தடவை கேட்டாலும் எனக்கே வயிற்றைக் கலக்கும் சத்தம் அது. போன தடவை நெம்புகோலைப் பிடித்திருந்த பையன் அந்தச் சத்தத்தில் கையை எடுத்துவிட்டு 'அய்யோ' என்றான். (கிரியோலிலும் அய்யோ, தமிழிலும் அய்யோ, அந்த ஒரு சொல்லை நம் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை.) நான் புடவைத் தலைப்பைப் பின்னால் இழுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். 'முக்கோணம் சரியாக இருக்கிறதா?' என்று மட்டும் கேட்டேன். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். 'சரியாகத்தான் இருக்கிறது, மிஸ்.' 'அப்படியானால் சத்தம் போடட்டும்.' இரண்டாம் முறை அவன் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினான். பூட்டிக்கொண்டது.

உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்கிறீர்கள். நல்லதாகப் போயிற்று. எனக்குத் தெரிந்துவிட்ட காரணத்தால் கையைக் கட்டிப்போடப் புடவைத் தலைப்பு தேவைப்படுகிறது.

கேள்வி: நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுத்துவிடுமாமே? அதை வடித்துவிடும் மணிக்கட்டுப் பட்டை கட்டாயமா?
– கியூர்பீப் வாசகர்

பதில்: கியூர்பீப்பில் மழை விட்ட நாளை எண்ணிச் சொல்லிவிடலாம், அந்த ஈரக் காற்றில் நிலைமின்சாரம் அதிகம் சேராது. இருந்தாலும் ஒவ்வொரு பாகத்தையும் எடுக்கும் முன் பெட்டியின் வெற்று உலோகத்தைத் தொடும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு உண்டாக்குங்கள். பட்டை இருந்தால் போடலாம். கம்பளிச் சட்டையைக் கழற்றிவிடுவது அதைவிட முக்கியம்.

கேள்வி: இதில் சேர்த்தால் என் மகன் பொறியாளர் ஆவானா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட தந்தை

பதில்: என் மகன் என் மடியில் உட்கார்ந்து எந்திரம் கழற்றியவன். இன்று ரொட்டிக்கடை வைத்திருக்கிறான். அடுப்பு கெட்டால் என்னைத்தான் கூப்பிடுகிறான்.

கேள்வி: மிஸ், நான் 8ஆம் வகுப்பு படிக்கிறேன். கணினி மாட்டும் குழுவில் மூன்று பையன்களும் நானும் இருக்கிறோம். என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று எப்போதும் என்னையே குறிப்பு எழுதச் சொல்கிறார்கள். எல்லாம் முடிந்தபின் பொத்தானை அழுத்த மட்டும் கூப்பிட்டார்கள். அப்பா வேறு, 'ஷாக் அடிக்கும், தொடாதே' என்கிறார். நான் என்ன செய்வது?
– கத்ர் போர்ன் மாணவி

பதில்: முதலில் உன் அப்பாவுக்கு. ஐயா, நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட். அது பவர் சப்ளை என்ற இரும்புப் பெட்டிக்குள் நுழைந்து, 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று இறங்கி வெளியே வருகிறது. பிள்ளைகள் கை வைக்கிற இடமெல்லாம் இந்தச் சின்ன வோல்ட்தான். அதையும் பிளக்கைப் பிடுங்கியபின்தான் தொடுகிறார்கள். ஆபத்து இருப்பது அந்த இரும்புப் பெட்டிக்குள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதிலுள்ள மின்தேக்கிகள் மின்சாரத்தைப் பிடித்துவைத்திருக்கும். ஆகவே அதை மட்டும் திறக்கவே கூடாது. உங்கள் மகள் மட்டும் இல்லை, பையன்களும் நீங்களும் நானும் திறக்கக் கூடாது.

நான் பயப்படாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய பவர் சப்ளைகள் சிலவற்றின் முதுகில் சிவப்பாக ஒரு சின்ன நகர்த்தி இருக்கும். ஒரு பக்கம் 115, மறுபக்கம் 230. அமெரிக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த ஒரு கணினியை, அந்த நகர்த்தியைப் பார்க்காமல், வகுப்பு நடுவில் சுவரில் செருகிவிட்டேன். அது 115இல் இருந்தது. அந்த நிலையில் உள்ளே வரும் மின்சாரத்தை இரட்டிப்பாக்கும் அமைப்பு ஒன்று இயங்கும். 110 வோல்ட் நாட்டுக்கு அது தேவை. நம் 230ஐயும் அது விசுவாசமாக இரட்டிப்பாக்கியது. பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம், நீலப் புகை, கருகிய நாற்றம். பெட்டி மூடியிருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கோயில் காவலர் செருப்பில்லாமல் ஓடிவந்தார். பிள்ளைகள் 'ஆங்கோர், ஆங்கோர்!' (இன்னொரு தடவை!) என்று கைதட்டினார்கள். எனக்குத்தான் அரை மணி நேரம் கை நடுங்கியது. அன்றிலிருந்து பிளக்கைச் செருகும் முன் 'சிவப்பு?' என்று ஒருவர் கேட்க வேண்டும், இன்னொருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்ல வேண்டும். சிவப்பு நகர்த்தியே இல்லாத புது எந்திரத்திலும் இந்தச் சடங்கு நடக்கிறது.

இனி உனக்கு, மகளே. ஆலையில் சேர்ந்த முதல் இரண்டு வருடம் நான் டார்ச் விளக்குப் பிடித்தேன். மெக்கானிக்குகள் எல்லாரும் ஆண்கள். எந்திரத்துக்கு அடியில் குனிந்து அவர்கள் வேலை செய்ய, வெளிச்சம் சரியாக விழும்படி விளக்கைப் பிடிப்பது என் வேலை. 'நீ நன்றாகப் பிடிக்கிறாய்' என்று பாராட்டுவார்கள். உன் கையெழுத்தைப் பாராட்டுகிறார்களே, அதே பாராட்டுதான். விளக்குப் பிடித்ததில் ஒரு லாபம் இருந்தது. எல்லாவற்றையும் மிக அருகில் பார்த்துவிட்டேன். ஓர் இரவு ஷிஃப்டில் மெக்கானிக் வரவில்லை. ஓவர்லாக்கின் லூப்பர் ஊசியோடு இடித்துக்கொண்டு நின்றுவிட்டது. மேற்பார்வையாளர் தலையில் கை வைத்துக்கொண்டிருக்கும்போது டார்ச்சை அவரிடம் கொடுத்து, 'நீங்கள் பிடியுங்கள்' என்றேன். நாற்பது நிமிடம் ஆயிற்று. மெக்கானிக் வந்திருந்தால் பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும்.

நீ மெக்கானிக் வராத ராத்திரிக்காகக் காத்திருக்க வேண்டாம். குறிப்பேடு உன் கையில்தானே இருக்கிறது? அடுத்த வகுப்பில் பக்கத்தின் உச்சியில் நான்கு பெயரையும் எழுதி, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் வேலையையும் நேரத்தையும் போடு. உன் பெயருக்கு எதிரில் 'திருப்புளி' என்று எழுதி, ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிவிடு. அழகான கையெழுத்தில் எழுதியதை யாரும் அவ்வளவு சீக்கிரம் மறுக்க மாட்டார்கள். பையன்களில் ஒருவன் எழுதியது கோழி கிண்டின மாதிரி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: இத்தனை பாடு எதற்கு? ராஸ்ப்பெரி பை ஒன்று வாங்கினால் முழுக் கணினியே கையடக்கமாகக் கிடைக்கிறதே!
– ரெயூனியன், சென்-ஆந்த்ரேயிலிருந்து ஒரு வாசகர்

பதில்: நல்ல பொருள்தான். 2012 பிப்ரவரி 29 அன்று, பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகட்டும் என்றே இங்கிலாந்தில் வெளிவந்தது. அடையாள அட்டை அளவுள்ள பலகை. ஆனால் பிராசசர், ரேம் எல்லாம் ஏற்கெனவே பற்றவைக்கப்பட்டு வருகின்றன. மெமரி கார்டைச் செருகி, மானிட்டரை இணைத்தால் முடிந்தது. பத்து நிமிடத்தில் கூட்டுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. பையன் ஒருவன் பிடித்துச் செருகுவான், பதினொரு பேர் பார்ப்பார்கள்.

அதன் அருமை வேறிடத்தில். ஓரத்தில் 40 ஊசிகள் நிற்கின்றனவே, அவற்றில் விளக்கையும் உணரியையும் இணைத்து, மழை அளவு, வெப்பம் என்று பிள்ளைகள் தாமே அளக்கலாம். கணினியைக் கூட்டி முடித்தபின் அடுத்த பருவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கம் அசெர்டி என்ற பிரெஞ்சு விசைப்பலகைதானே? இயங்குதளம் போடும்போதே அதைத் தேர்ந்துவிடுங்கள். இல்லையென்றால் கடவுச்சொல்லில் 'A' இருக்க வேண்டிய இடத்தில் வேறு எழுத்து விழுந்து, எந்திரத்தைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: பெற்றோர் ஒவ்வொருவரும் 500 ரூபாய் போட்டு, மீதியை ஒரு நல்லவர் தந்து, புதுப் பாகங்கள் வாங்கினோம். கடைக்காரர் சொன்னபடி 12400எஃப் பிராசசர், மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போர்டு, 8 ஜி.பி. ரேம், 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி., பவர் சப்ளை, பெட்டி. பிள்ளைகள் அழகாக மாட்டினார்கள். விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது. மானிட்டரில் ஒன்றும் வரவில்லை. பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.
– மாஹேபூர் ஆசிரியர்

பதில்: ஆசிரியர் ஐயா, இந்தப் பக்கத்தைப் பிள்ளைகள் கண்ணில் படாமல் மடித்துவைத்துக்கொண்டு படியுங்கள். விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஆனால் அதை நீங்கள் அவர்களிடம் சொல்லக் கூடாது.

12400 என்ற எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' என்று ஓர் எழுத்து நிற்கிறதல்லவா? இன்டெல் அந்த எழுத்தைப் போட்டால், பிராசசருக்குள் படம் காட்டும் பகுதி இயங்காது என்று பொருள். தனியாக கிராஃபிக்ஸ் கார்டு மாட்டினால்தான் படம் வரும். போர்டின் முதுகில் மானிட்டர் கம்பிக்கான எச்.டி.எம்.ஐ. துளை இருக்கிறதே என்கிறீர்களா? துளை இருக்கிறது, அதற்குப் பின்னால் ஆளில்லை. எஃப் இல்லாத 12400 சற்று விலை கூடுதல். மிச்சம் பிடித்துக் கொடுப்பதாகக் கடைக்காரர் நினைத்திருக்கலாம். மாற்றித் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் எங்காவது ஒரு பழைய கிராஃபிக்ஸ் கார்டு, எவ்வளவு எளியதானாலும் சரி, தேடி வாங்குங்கள்.

பிள்ளைகளுக்கு என்ன செய்வது? தாங்கள் மாட்டியதில் தப்பு என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாட்டியதில் தப்பில்லை என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். எந்திரத்தை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மீந்திருக்கும் மின்சாரம் வடிய முன்பக்கப் பொத்தானை ஒரு தடவை அழுத்தச் சொல்லுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு சந்தேகம். பிராசசருக்கு மேல்மூலையில் தனியாக ஒரு 8 ஊசி மின்கம்பி போக வேண்டும். 24 ஊசிப் பெரிய கம்பியைச் செருகிய மகிழ்ச்சியில் பாதிப் பேர் அதை மறந்துவிடுவார்கள். அடுத்து ரேம். இரண்டு ஓரத்திலும் 'டக்' என்று கேட்கும்வரை அழுத்தியிருக்கிறார்களா? போர்டுக்கு அடியில் பித்தளைத் தாங்கிகள் துளை உள்ள இடத்தில் மட்டும் இருக்கின்றனவா, துளை இல்லாத இடத்தில் ஒன்று நின்று போர்டின் முதுகை உரசுகிறதா? கடைசியில் போர்டையே வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைத்து, பிராசசர், விசிறி, ஒரு ரேம் மட்டும் போட்டு ஓட்டிப் பார்க்கலாம்.

ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிவைத்தபின், போர்டின் ஓரத்தில் பொடிப்பொடியாக நான்கு விளக்குகள் இருக்கின்றனவா என்று தேடச் சொல்லுங்கள். இன்றைய போர்டுகள் பலவற்றில் இருக்கும். பிராசசர், ரேம், படம், துவக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. எது சிக்கலோ அது எரிந்துகொண்டே நிற்கும். உங்கள் எந்திரத்தில் படத்துக்கான, 'வி.ஜி.ஏ.' என்று எழுதிய விளக்கு எரிய வேண்டும். அதைக் காட்டிய பிள்ளையிடம் பிராசசரின் அட்டைப் பெட்டியைக் கையில் கொடுத்து, அதில் அச்சடித்திருப்பதை ஓர் எழுத்து விடாமல் படிக்கச் சொல்லுங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவை என்று அதிலேயே போட்டிருக்கும். அதைப் படித்ததும் ஒரு கூச்சல் கிளம்பும் பாருங்கள். முதல் தடவையே படம் வந்துவிட்ட வகுப்பில் அந்தக் கூச்சலை நான் கேட்டதில்லை.

போர்டைத் திரும்ப மாட்டும்போது விசிறியையும் ஒரு தடவை பாருங்கள். இன்டெல் பெட்டியோடு வரும் விசிறியில் நான்கு மூலையிலும் அழுத்து ஊசிகள். பன்னிரண்டு வயதுக் கட்டைவிரலுக்கு அது கனம். எதிரெதிர் மூலையாக அழுத்தி, போர்டைத் திருப்பி, நான்கு ஊசியும் மறுபக்கம் எட்டிப் பார்க்கின்றனவா என்று எண்ணச் சொல்லுங்கள். புது விசிறியின் அடியில் சூட்டைக் கடத்தும் பசை ஏற்கெனவே தடவியிருக்கும். விசிறியைக் கழற்றிவிட்டால் மட்டும் பழையதைத் துடைத்துவிட்டுப் புதுப் பசை, ஒரு பட்டாணி அளவு. தால் பூரிக்குச் சட்னி தடவுவதுபோலத் தடவ வேண்டாம்.

கேள்வி: கணினி தயார், லினக்ஸ் மின்ட் போட்டாயிற்று. தமிழில் தட்டச்சு செய்ய எதைக் கற்றுத்தரலாம்? பிள்ளைகளுக்குக் கிரியோலும் பிரெஞ்சும்தான் வாயில் வருகின்றன. ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் முறை சுலபமில்லையா?
– கூட்லண்ட்ஸ் தாயார் ஒருவர்

பதில்: சுலபம்தான், ஆனால் நம் பிள்ளைகளிடம் அது வேடிக்கை காட்டும். பிரெஞ்சு உச்சரிப்பை வைத்துக்கொண்டு 'ஊ' வர வேண்டிய இடத்தில் 'ஓ', 'யூ' என்று இரண்டெழுத்தைத் தட்டுவார்கள்; திரையில் 'ஔ' வந்து நிற்கும். தமிழ்99 கற்றுத்தாருங்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி வந்த முறை. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டல். இரண்டாவது 'ம' விழுந்ததும் முதல் 'ம' தானே புள்ளி வைத்துக்கொள்ளும். இதைப் பார்த்த 7ஆம் வகுப்புப் பெண் ஒருத்தி, 'அதற்கே இலக்கணம் தெரியுமா, மிஸ்?' என்று கேட்டாள்.

மின்டில் உள்ளீட்டு முறை அமைப்புக்குப் போய் ஐபஸ் என்ற மென்பொருளை நிறுவினால் தமிழ்99ஐச் சேர்த்துக்கொள்ளலாம். விசைகளில் ஒட்ட எழுத்துகளைப் பிள்ளைகளே வெள்ளை ஒட்டுத்தாளில் எழுதி வெட்டி, மேலே ஒளிபுகும் டேப் ஒட்டட்டும். 1998இல் ரூபாய் நோட்டில் தமிழின் இடம் மாறிவிட்டது என்று இந்தத் தீவே கொந்தளித்து, அச்சடித்த நோட்டுகளைத் திரும்பப் பெறவைத்தோம். அதில் நூற்றில் ஒரு பங்குச் சூட்டை விசைப்பலகைமேல் காட்டினால் போதும்.

கேள்வி: மிஸ், எங்கள் கணினி ஓடுகிறது. ஆனால் முட்டை அட்டையில் மூன்று திருகாணி மிச்சமிருக்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?
– திரியோலே, 7ஆம் வகுப்பு மாணவன்

பதில்: போடாதே! முதலில் எந்திரத்தை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பெட்டியை இருவராகத் தூக்கி மெல்லச் சாய்த்து, காதை வைத்துக் கேள். உள்ளே 'கிலுகிலு' என்று ஏதாவது உருண்டால் மிச்சம் மூன்று இல்லை, நான்கு. அந்த நான்காவதுதான் போர்டில் விழுந்து எந்திரத்தைக் கொல்லும். அதைத் தேடி எடுத்துவிட்டு, இந்த மூன்றையும் பார். மரை நெருக்கமாக, பொடியாக இருந்தால் எம்3, 2.5 அங்குல எஸ்.எஸ்.டி.யில் போடுவது அந்த வகை. மரை அகலமாக, தடிமனாக இருந்தால் 6-32. பெட்டியின் மூடி, பவர் சப்ளை பக்கம் பார். ஒன்றை மற்றதன் துளையில் போட்டுத் திருகினால் மரை அழிந்துவிடும், அதனால் விரலால் இரண்டு சுற்று தானாகப் போனால்தான் திருப்புளியை எடு. போர்டில் எத்தனை துளை, எத்தனை திருகாணி என்று எண்ணினாயா? உன் குழுவில் யாரோ நடுத் துளையை விட்டிருப்பீர்கள். விசிறிக் கம்பிக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் அது கண்ணில் படாது.

எல்லாத் துளையும் நிறைந்து அப்படியும் மிச்சமென்றால், அவை பெட்டியோடு கூடுதலாக வந்த திருகாணிகள். ஒரு மாத்திரைப் புட்டியில் போட்டுக் கணினியின் பெயரை எழுதி வை. என் ஆலை நாட்களிலிருந்து சேர்த்த மூன்று புட்டிகள் இன்னும் சமையலறை அலமாரியில், மிளகுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. போன வாரம் மருமகள் ரசத்துக்கு மிளகு எடுக்கப் போய் அதில் ஒன்றைத்தான் திறந்தாள்.